உடையவில்லை, வளைந்தது: அச்சிட்ட 17-4 பி.எச். எஃகுக் கரம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பேக்கிங் இயந்திரங்கள் செய்யும் சிறு நிறுவனம் ஒன்று, கடலூருக்குத் தெற்கே கடலோரத்தில் இருக்கும் இறால் பதப்படுத்தும் கூடத்துக்காக ஒரு பவுச் நிரப்பும் இயந்திரம் செய்தது. தட்டையாக வரும் பவுச்சின் இரண்டு முகங்களையும் உறிஞ்சிப் பிடித்து வாயைத் திறந்துவைக்க அதில் கரங்கள் உண்டு. கரத்தின் உள்ளே வெற்றிடம் செல்ல 2 மி.மீ. துளை, நுனியில் ரப்பர் கப். முன்பெல்லாம் 17-4 பி.எச். என்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை மில்லிங் செய்து, இரண்டு திசையிலிருந்து துளையிட்டு, வேண்டாத வாயைப் பிளக் அடித்து மூடுவார்கள். நாளடைவில் பிளக் வழியே காற்று கசியும். கசிந்தால் பவுச் நழுவும், நழுவினால் இறால் தரையில் கொட்டும். துளை வளைந்து செல்லும்படி கரத்தை ஒரே துண்டாக 3டி பிரிண்டில் எடுத்துவிட்டால் பிளக்கே தேவையில்லை. பிரிண்டிங்குக்குப் பொருத்தமில்லாத பாகங்களைக்கூடப் புதுமைக்காக அச்சிட்டுப் பார்க்கிற காலம் இது. இந்தப் பாகத்துக்கு நியாயமான காரணம் இருந்தது.

வெளியூர் நிறுவனம் ஒன்று, எஃகுப் பவுடரை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்கும் லேசர் பவுடர் படுக்கை முறையில் கரங்களை அச்சிட்டு அனுப்பியது. இங்கே முகங்களை மெஷினிங் செய்து, உள்ளூர் ஹீட் ட்ரீட்மென்ட் கூடத்தில் 482 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தார்கள். இதுதான் எச் 900 என்று எல்லாரும் சொல்லும் பதம். 900 என்பது ஃபாரன்ஹீட் கணக்கு. கம்பியில் செய்த பழைய கரங்களுக்கும் பல ஆண்டுகளாக இதே 482, இதே ஒரு மணி நேரம்தான். அவற்றில் எந்தக் குறையும் வந்ததில்லை.

புதிய கரங்கள் இயந்திரத்தில் ஏறிச் சில வாரங்களிலேயே வளையத் தொடங்கின. ஒவ்வொரு முறை பவுச் சிக்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக நுனி விலகி, கடைசியில் இரண்டு கப்பும் நேருக்கு நேர் வராமல் போயின. எதுவும் உடையவில்லை, விரிசலும் இல்லை. பட்டறை ஃபோர்மேனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. “உடைஞ்சிருந்தாகூட புரியும் சார். இது வளைஞ்சிருக்கு. ஹார்டன் பண்ணின பீஸ் எப்படி சார் வளையும்?” என்று கேட்டார். அவர் கேள்வியிலேயே பாதி விடை இருந்தது.

கணக்கில் தவறில்லை

வடிவமைப்பை முதலில் சரிபார்த்தோம். இயந்திரத்தில் டார்க் லிமிட்டர் இருக்கிறது. எது சிக்கினாலும் கரத்தின் நுனியில் 300 நியூட்டனுக்கு மேல் விசை வராதபடி அதை வைத்திருக்கிறார்கள். நுனியிலிருந்து 70 மி.மீ. தள்ளி இருக்கிறது கரத்தின் கழுத்து. அதன் அகலம் 10 மி.மீ., தடிமன் 4 மி.மீ. உள்ளே செல்லும் துளை சரியாக நடு அச்சில் இருப்பதால் வளைவுக் கணக்கில் அது பெரிதாக வராது. 300-ஐ 70-ஆல் பெருக்கி, வெட்டுமுகத்தின் எதிர்ப்பளவான 26.7 கன மி.மீ.-ஆல் வகுத்தால் கழுத்தின் மேல்பரப்பில் ஏறத்தாழ 790 மெகாபாஸ்கல் தகைவு, அதாவது பரப்பளவுக்கு இவ்வளவு என்ற விசை, வருகிறது.

ஓர் எஃகு நிரந்தரமாக வளையத் தொடங்கும் தகைவைத்தான் யீல்டு என்கிறோம். எச் 900 பதத்தில் 17-4 பி.எச். கம்பிக்குத் தர விதிகள் கேட்கும் குறைந்தபட்ச யீல்டு 1170 மெகாபாஸ்கல். அறுந்துபோகும் முன் தாங்கவேண்டிய இழுவிசை வலிமை 1310. கடினத்தன்மை ராக்வெல் சி அளவில் குறைந்தது 40. 790-க்கு 1170 என்றால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பாதுகாப்பு. வடிவமைத்தவர் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். அவர் கணக்கில் எழுதிய 1170 பாகத்துக்குள் இல்லை, அவ்வளவுதான்.

முதல் சந்தேகங்கள்

பிரிண்ட் செய்த பாகம் சரியில்லை என்றதும் எல்லார் வாயிலும் முதலில் வருவது லேயர். “லேயர் பிரிஞ்சிருக்கும் சார்” என்றார்கள். கரத்தை நிற்கவைத்து அச்சிட்டிருந்ததால் அடுக்குகள் கழுத்துக்குக் குறுக்கே அமைந்திருந்தன. வளைவு விசை அடுக்கை அடுக்கிலிருந்து பிரிக்கும் திசையில்தான் வருகிறது. எனவே சந்தேகம் நியாயமானது.

ஆனால் லேசர் போதிய அளவு உருக்காமல் விட்ட இடம் இருந்தால் அதன் நடத்தை வேறு. அத்தகைய குழிகள் ஒழுங்கற்ற வடிவத்தில், ஓரம் கூர்மையாக, சில நேரம் உருகாத பவுடர் மணிகளோடு கிடக்கும். அங்கிருந்து விரிசல் கிளம்பும். பாகம் வளைய வாய்ப்பே தராமல் பட்டென்று விடும், அல்லது திரும்பத் திரும்ப வரும் சுமையில் களைத்து உடையும். லேசரின் ஆற்றல் மிகுதியானாலும், அது உருக்கிய உலோகக் குளமான உருகுகுளம் ஆழமாகக் குத்தி, அடியில் உருண்டையான குமிழ்களை விட்டுச்செல்லும். இந்த இரண்டில் எது இருந்தாலும் பாதிப்பு பெரும்பாலும் சோர்வு ஆயுளிலும் நீட்சியிலும்தான் தெரியும். யீல்டைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் பாகம் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பொத்தலாக இருக்க வேண்டும். ஒரு கரத்தின் கழுத்தை நீளவாக்கில் அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தோம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு வாயுக் குமிழ்கள் இருந்தன, வேறொன்றுமில்லை. அடுக்குகள் ஒன்றோடொன்று நன்றாக இணைந்திருந்தன. பிரிண்டிங் நிறுவனம் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தது.

அடுத்து உலை. ஹீட் ட்ரீட்மென்ட்காரர் தயங்காமல் சார்ட்டை எடுத்து நீட்டினார். 482-ஐ எட்டியிருக்கிறது, ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது, காற்றில் ஆறியிருக்கிறது. அதே தட்டில் சேர்த்து வைத்த கம்பிப் பாகங்கள் 41, 42 என்று கடினத்தன்மை காட்டின. உலை மீதும் பழி போட முடியாது.

பிரிண்ட் செய்த கரத்தில் அதே கருவியால் குத்திப் பார்த்தால் 31, 32. எங்கே குத்தினாலும் அப்படியே.

காந்தம் சொன்னது

ஆய்வகத்துக்கு அனுப்பும் முன்பே ஒரு சாதாரண காந்தம் பாதி வழக்கைத் தீர்த்துவைத்தது. 17-4 பி.எச். கம்பியில் காந்தம் கெட்டியாக ஒட்டும். பிரிண்ட் செய்த கரத்திலும் ஒட்டியது, ஆனால் லேசாக உதறினாலே விழுந்தது. அதைவிட முக்கியமான ஒன்றையும் கவனித்தோம். வளைந்த கரம் ஒன்றை ஃபோர்மேன் வைஸில் கவ்வி நிமிர்த்தி வைத்திருந்தார். அதன் அடிப்பகுதியில் காந்தம் தயங்கியே ஒட்டியது. வளைத்து நிமிர்த்திய கழுத்தில் மட்டும் வலுவாகப் பற்றியது.

இந்த எஃகு அறை வெப்பநிலையில் பெரும்பாலும் மார்ட்டென்சைட் என்ற அணு அடுக்கில் இருக்க வேண்டியது. அது காந்தத்தை இழுக்கும். அதே வேதிச் சேர்மானம் ஆஸ்டினைட் என்ற வேறொரு அணு அடுக்கில் உறைந்து நின்றுவிட்டால் காந்தம் ஒட்டாது. காந்தம் தயங்கினால் உள்ளே கணிசமான ஆஸ்டினைட் இருக்கிறது என்று பொருள். வளைத்த இடத்தில் மட்டும் வலுவாக ஒட்டினால், அந்த ஆஸ்டினைட் நிலையற்றது, விசை பட்டதும் மார்ட்டென்சைட்டாக மாறுகிறது என்று பொருள். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தின் கருவி மையத்தில் எடுத்த எக்ஸ்ரே விளிம்பு விலகல் வரைபடம் இதையே எண்ணாகச் சொன்னது: பாதிக்குச் சற்று மேல் ஆஸ்டினைட்.

பிக்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சாராயத்தில் கலந்த விலெல்லா கரைசலால் அரித்தபோது நுண்ணமைப்பும் வெளிப்பட்டது. லேசர் ஓடிய ஒவ்வொரு தடத்தின் உருகுகுளமும் மீன் செதில் அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தது. செதில்களின் எல்லையைச் சட்டைசெய்யாமல், அச்சிட்ட திசையிலேயே மேல்நோக்கி நீண்ட படிகங்கள். அவற்றுக்குள் ஒரு மைக்ரானுக்கும் குறைவான நுண் அறைகள். அச்சிட்டபடியே இருந்த அமைப்பு 482 டிகிரியைப் பார்த்த பிறகும் அப்படியே இருந்தது. வெட்டி வைத்த கம்பித் துண்டை அதே கரைசலில் அரித்தால் எந்தச் செதிலும் இல்லை. எல்லாப் பக்கமும் சமமாக வளர்ந்த பழைய படிகங்கள், அவற்றுக்குள் நெருக்கமான மார்ட்டென்சைட் கீற்றுகள். வேதிப் பகுப்பாய்வில் இரண்டும் 17-4 பி.எச்.தான்.

482 டிகிரி என்ன செய்கிறது, எதைச் செய்யாது

இந்த எஃகின் பெயரில் உள்ள 17 குரோமியத்தையும் 4 நிக்கலையும் குறிக்கிறது. வலிமையைத் தருவது பெயரில் இல்லாத செம்பு; 3 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். எஃகு வளைவது என்றால் அதன் அணு வரிசைகளில் உள்ள பிறழ்வுகள், டிஸ்லொகேஷன் என்று சொல்வோமே அவை, நகர்கின்றன என்று பொருள். அவற்றின் வழியில் தடைகளை எவ்வளவு நெருக்கமாக வைக்கிறோமோ அவ்வளவு யீல்டு ஏறும். படிக எல்லைகளே ஒரு தடை. படிகம் சிறுத்தால் வலிமை ஏறும் என்பதை 1951-இல் ஹாலும் 1953-இல் பெட்ச்சும் தனித்தனியே அளந்து காட்டினார்கள். 17-4-இல் அதைவிடப் பெரிய தடை, சில நானோமீட்டர் அளவுள்ள செம்புத் திரள்கள்.

அவை உருவாகும் வழி இது. ஏறத்தாழ 1040 டிகிரியில் எஃகு முழுவதும் ஆஸ்டினைட்டாக இருக்கும்போது செம்பு அதில் தாராளமாகக் கரைந்துகொள்ளும். வேகமாகக் குளிர்வித்தால் ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாக மாறும். மார்ட்டென்சைட்டுக்கு அத்தனை செம்பைக் கரைத்து வைத்துக்கொள்ளும் இயல்பு இல்லை, ஆனால் அணுக்கள் வெளியேற நேரமும் இருப்பதில்லை. பிறகு 482 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால், சிக்கியிருந்த செம்பு அணுக்கள் மெல்ல நகர்ந்து எண்ணற்ற நுண் திரள்களாகக் கூடும். கடினத்தன்மை 33, 34-லிருந்து 40-ஐத் தாண்டுவது இதனால்தான்.

ஆஸ்டினைட்டாகவே நின்றுவிட்ட பகுதியில் 482 டிகிரிக்கு வேலையே இல்லை. அங்கே செம்பு வசதியாகக் கரைந்திருக்கிறது, திரள வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. கரத்தில் பாதி ஆஸ்டினைட் என்றால், உலை பாதிக் கரத்தைத்தான் கடினமாக்கியது. மீதிப் பாதி உள்ளே போனபடியே வெளியே வந்தது.

கம்பியில் இந்தச் சிக்கல் வராததற்கு ஒரு காரணம் உண்டு, இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதுதான். கடையில் வாங்கும் 17-4 பி.எச். கம்பி பெரும்பாலும் ‘கண்டிஷன் ஏ’ நிலையில் வருகிறது. அதாவது 1040 டிகிரி வேலையை எஃகு ஆலையே முடித்து, மார்ட்டென்சைட்டாக்கித்தான் அனுப்புகிறது. பட்டறை செய்வது கடைசிப் படி மட்டும். பல ஆண்டுகள் அப்படியே செய்து வரும்போது ‘17-4 என்றால் 482, ஒரு மணி நேரம்’ என்று கையில் பதிந்துவிடுகிறது. முதல் படி வேறொருவர் செய்தது என்பது நினைவில் நிற்பதில்லை. பிரிண்டரிலிருந்து வரும் பாகம் கண்டிஷன் ஏ இல்லை. அது உருகி, விநாடிக்கு லட்சக்கணக்கான டிகிரி வேகத்தில் உறைந்து, அடுத்தடுத்த லேசர் தடங்களால் மறுபடி மறுபடி சூடாகி நிற்கும் ஒரு பொருள். அதன் நுண்ணமைப்புக்கு எந்தத் தரப் பெயரும் கிடையாது.

நைட்ரஜன்

அச்சிட்டபடியே பாகத்தில் ஆஸ்டினைட் எவ்வளவு நிற்கும் என்பது இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும். அதில் பெரிய பங்கு பவுடருக்கு. உருகிய எஃகை வாயுவால் பீய்ச்சித்தான் பவுடர் ஆக்குகிறார்கள். சிலர் ஆர்கானைப் பயன்படுத்துவார்கள், சிலர் நைட்ரஜனை. நைட்ரஜன் மலிவு. நைட்ரஜனால் பீய்ச்சிய பவுடரில் அது 0.1 சதவீத அளவுக்கு ஏறுவது உண்டு. நைட்ரஜன் ஆஸ்டினைட்டை நிலைநிறுத்தும் தனிமங்களில் மிக வலியது. ஏறத்தாழ நிக்கலைப் போல இருபது, முப்பது மடங்கு. சிறிது ஏறினாலும் மார்ட்டென்சைட் மாற்றம் தொடங்கும் வெப்பநிலை சரசரவென்று கீழே இறங்கிவிடும். அந்த வெப்பநிலை அறை வெப்பநிலையை நெருங்கினால் எஃகு ஆஸ்டினைட்டாகவே நின்றுவிடும்.

கரத்தின் துண்டை மந்த வாயுவில் உருக்கி அளந்ததில் நைட்ரஜன் 0.11 சதவீதம். கம்பியில் 0.03. பவுடர் சான்றிதழை எடுத்துப் பார்த்தால் குரோமியம், நிக்கல், செம்பு, நியோபியம், கார்பன் எல்லாம் எல்லைக்குள்தான் இருந்தன. நைட்ரஜன் என்ற வரியே அதில் இல்லை. கம்பிக்கான தர விதியிலும் இந்த எஃகுக்கு நைட்ரஜன் வரம்பு எதுவும் இல்லை. ஆலையில் உருக்கும் எஃகில் அது தானாகவே குறைவாக இருப்பதால் யாருக்கும் எழுதத் தோன்றியிருக்காது. விதியைக் கடைப்பிடித்தும் தவறான பாகம் வந்தது இந்த இடைவெளியால்தான்.

இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் வரும் கல்பாக்கத்தில் நைட்ரஜனின் இன்னொரு முகத்தைப் பார்க்கலாம். அங்குள்ள வேக ஈனுலை என்ற அணு உலைக்காகத் தேர்ந்தெடுத்த 316 எல்.என். எஃகில் 0.06 முதல் 0.08 சதவீதம் வரை நைட்ரஜனை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். முழு ஆஸ்டினைட் எஃகான அதற்கு நைட்ரஜன் உயர் வெப்பநிலையில் வலிமை தருகிறது. மார்ட்டென்சைட்டாக மாறினால்தான் வலிமை என்றிருக்கும் 17-4-க்கு அதே நைட்ரஜன் குறுக்கே நிற்கிறது.

ஆர்கானில் பீய்ச்சிய பவுடராக இருந்திருந்தால் இந்தக் கரங்கள் பெரும்பாலும் வளைந்திருக்காது. அப்படிப்பட்ட பவுடரில், குளிர்ச்சி மிக வேகமாக இருப்பதால் முதலில் உறையும் ஃபெரைட் என்ற இன்னொரு அணு அடுக்கே ஆஸ்டினைட்டைத் தாண்டிக் குதித்து அறை வெப்பநிலை வரை வந்துவிடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஃபெரைட்டிலும் செம்பு திரளும். நேரடியாக 482-இல் வைத்தாலே கடினத்தன்மை ஏறிவிடும், பட்டறையும் எல்லாம் சரி என்று நம்பியிருக்கும். அடுத்த முறை வேறொரு பவுடர் வரும்வரை.

சான்றிதழில் இருந்த எண்

பிரிண்டிங் நிறுவனம் கரங்களோடு அதே தட்டில் அச்சிட்டு, இழுத்து அறுத்துச் சோதித்த இழுவைத் துண்டுகளின் முடிவையும் அனுப்பியிருந்தது. வாங்கியவர்கள் அதில் இழுவிசை வலிமையைப் பார்த்தார்கள். 1200-ஐத் தாண்டியிருந்தது. இன்னும் 482-இல் வைக்கவில்லையே, வைத்தால் ஏறிவிடும் என்று எடுத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கட்டத்தில் யீல்டு 650-ஐ ஒட்டி இருந்தது.

இந்த இரண்டு எண்களுக்கும் இடையே இவ்வளவு பெரிய பள்ளம் இருந்தால் அது ஒரு செய்தி. நிலையற்ற ஆஸ்டினைட் முதலில் எளிதாக இளகிக்கொடுக்கும். இளகும்போதே மார்ட்டென்சைட்டாக மாறி, போகப்போக முறுக்கேறும். அதனால் அறுக்க நிறைய விசை வேண்டும், வளைக்கக் கொஞ்சம் போதும். இழுவை வளைகோட்டை வரைந்து பார்த்தால் நடுவில் தணிந்து மறுபடி மேலே எழும். நீட்சியும் தாராளமாக இருக்கும். உடையாமல் வளைந்த கரத்தின் முழு வரலாறும் அந்த ஒரு வளைகோட்டில் இருந்தது. மோதலில் ஆற்றலை விழுங்க வேண்டிய பாகத்துக்கு இது உண்மையில் நல்ல குணம். அரை மில்லிமீட்டர்கூட விலகக் கூடாத கரத்துக்கு ஆகாது. பிரிண்ட் செய்த துருப்பிடிக்காத எஃகின் சான்றிதழைப் பார்ப்பவர்கள் இழுவிசை வலிமையை விட்டுவிட்டு முதலில் யீல்டைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

316 எல் ஆக இருந்தால்

இந்த முடிவைக் கேட்டதும் ஃபோர்மேன், “அப்போ பிரிண்ட் பண்ணின எல்லா எஸ்.எஸ்.ஸையும் ஆயிரம் டிகிரிக்கு மேல ஏத்தி இறக்கிடலாமா சார்?” என்றார். கூடாது. அவர்களிடம் 316 எல் என்ற இன்னொரு துருப்பிடிக்காத எஃகில் அச்சிட்ட பம்ப் பாகங்களும் இருந்ததால் இதைச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருந்தது.

316 எல் எப்போதும் ஆஸ்டினைட். அதில் செம்புத் திரள் இல்லை, மார்ட்டென்சைட் மாற்றத்தை நம்பிய வலிமையும் இல்லை. மென்பதத்தில் இருக்கும் 316 எல் தகட்டுக்கு விதிகள் கேட்கும் குறைந்தபட்ச யீல்டு வெறும் 170 மெகாபாஸ்கல். அதே எஃகை லேசரில் அச்சிட்டால், எந்த வெப்பச் சிகிச்சையும் இல்லாமலே 450 முதல் 600 வரை வருகிறது. காரணம், அந்த அதிவேக உறைவில் பிறக்கும் நுண் அறைகள். ஒரு மைக்ரானுக்கும் சிறிய அந்த அறைகளின் சுவர்களில் டிஸ்லொகேஷன்கள் அடர்ந்து பின்னிக் கிடக்கின்றன. குரோமியமும் மாலிப்டினமும் அங்கே சற்றுக் கூடுதலாக ஒதுங்கி அந்தப் பின்னலைப் பிடித்துவைக்கின்றன. சுவர்கள் டிஸ்லொகேஷன்களைத் தாமதப்படுத்தினாலும் முழுக்க மறிப்பதில்லை. அதனால் வலிமை ஏறியும் நீட்சி அதிகம் குறைவதில்லை. வலிமையும் நீட்சியும் சேர்ந்தே வருவதை அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர் 2018-இல் ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் காட்டியபோது, உலோகவியல் படித்தவர்கள் பலர் இதைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சுவர்கள் வெப்பத்தில் கரைபவை. 400 டிகிரியில் ஒன்றும் ஆகாது. 800, 900-இல் கலையத் தொடங்கும். 1100-ஐ நெருங்கினால் புதுப் படிகங்கள் வளர்ந்து எல்லாம் அழிந்துபோகும். யீல்டு 300-க்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். ரசாயன ஆலைக்குப் போகும் 316 எல் பாகம் என்றாலே அரிப்புக்குப் பயந்து 1050-இல் ஏற்றி இறக்கும் வழக்கம் கடலூர் சிப்காட் பக்கம் வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். பற்றவைத்த குழாய்க்கு அது நல்ல வழக்கம். அச்சிட்ட பாகத்தை 500 மெகாபாஸ்கல் என்று நம்பி வடிவமைத்துவிட்டு அந்த உலையில் வைத்தால் வடிவமைப்பில் பாதி வலிமை உலையிலேயே போய்விடும். ஆக, ஒரே உலை, ஏறத்தாழ ஒரே வெப்பநிலை. 17-4-க்கு அது வலிமையின் முதல் படி, 316 எல்-க்கு வலிமையின் முடிவு.

சரிசெய்த விதம்

அதே தொகுதியில் இன்னும் மெஷினிங் செய்யாத கரங்கள் மீதமிருந்தன. அவற்றை முதலில் சென்னையில் உள்ள ஒரு வெற்றிட உலைக்கு அனுப்பி 1040 டிகிரியில் அரை மணி நேரம் வைத்து, ஆர்கானால் குளிர்வித்தார்கள். நைட்ரஜனால் குளிர்விப்பது மலிவு, அங்கே வழக்கமும் அதுதான். ஆனால் அந்த வெப்பத்தில் துருப்பிடிக்காத எஃகு மேற்பரப்பு வழியே நைட்ரஜனை உறிஞ்சும். எதைக் குறைக்கப் பாடுபடுகிறோமோ அதையே ஊட்டுவதாகிவிடும். எனவே ஆர்கான் என்று எழுத்தில் கேட்டுப் பெற்றோம்.

அடுத்த படியில்தான் நம் ஊரின் வெயில் கணக்கில் வந்தது. கம்பி 17-4-இன் தரவுத் தாள்கள், குளிரும்போது ஏறத்தாழ 132 டிகிரியில் மார்ட்டென்சைட் தொடங்கி 32 டிகிரியில் முடிகிறது என்கின்றன. அதனால் 482-க்குப் போகும் முன் பாகம் 32-க்குக் கீழே குளிர வேண்டும் என்று விதியே இருக்கிறது. ‘அறை வெப்பநிலைக்கு ஆறவிடவும்’ என்று சுருக்கமாக எழுதிவிடுவார்கள். குளிர்நாட்டு அறைக்கு அது பொருந்தும். மே மாதம் புதுச்சேரியில் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் 36, 37 டிகிரி இருக்கும் கூடத்தில் பாகம் எத்தனை மணி நேரம் கிடந்தாலும் 32-ஐத் தொடாது. சாதாரண கம்பிப் பாகத்தைக்கூட இங்கே கோடையில் ஐஸ் தண்ணீரில் முக்கி எடுத்த பிறகே அடுத்த படிக்கு அனுப்ப வேண்டும். நம் கரையோர ஊர்களின் ஹீட் ட்ரீட்மென்ட் கூடங்கள் எல்லாவற்றிலும் இந்த 32 என்ற எண்ணை எழுதி ஒட்டி வைக்கலாம்.

நைட்ரஜன் ஏறிய இந்தக் கரங்களுக்கு ஐஸும் போதாது, அவற்றில் மாற்றம் முடியும் புள்ளி இன்னும் கீழே. உலர்பனியும் சாராயமும் கலந்த தொட்டியில், ஏறத்தாழ மைனஸ் 78 டிகிரியில் வைத்து எடுத்தோம். அதன் பிறகு வழக்கமான 482, ஒரு மணி நேரம். கடினத்தன்மை 40, 41 வந்தது. காந்தம் கம்பியில் ஒட்டுவதுபோலவே ஒட்டியது. அரித்துப் பார்த்ததில் மீன் செதில் அடையாளம் மறைந்து, கீற்று மார்ட்டென்சைட் நிறைந்திருந்தது. படிகங்களின் நீட்சி மட்டும் சில இடங்களில் லேசாக எஞ்சியிருந்தது. உறைவின்போது அறைச் சுவர்களில் ஒதுங்கிய நியோபியம் 1040-இல் முழுமையாகப் பரவாது. சீரான அமைப்பு வேண்டுமென்றால் அதற்கு முன் 1150-ஐ ஒட்டி ஒரு முறை ஊறவைக்க வேண்டும். இந்தக் கரத்துக்கு அவ்வளவு தேவைப்படவில்லை.

மெஷினிங் முடிந்த கரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்டினைட் மார்ட்டென்சைட்டாக மாறும்போது பருமன் கூடும். 70 மி.மீ. நீளத்தில் பாதி மாறினாலே சில நூறு மைக்ரான் நீண்டுவிடும், முடித்த துளைகள் இடம் மாறிவிடும். 482-இல் செம்பு திரளும்போது வரும் சுருக்கம் மிகச் சிறியது, மில்லிமீட்டருக்கு அரை மைக்ரான் அளவே. கம்பி வேலையில் அதை யாரும் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பழக்கத்தில்தான் முடித்த பாகத்தை உலையில் வைக்கிறார்கள். அச்சிட்ட பாகத்தில் 1040, ஆழ்குளிர், 482 எல்லாம் முடிந்த பிறகே கடைசி மெஷினிங் என்று வரிசையை மாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த ஆர்டர்

இப்போது அனுப்பும் ஆர்டரில் ‘17-4 பி.எச்., எச் 900’ என்று மட்டும் எழுதுவதில்லை. பவுடர் ஆர்கானில் பீய்ச்சியதாக இருக்க வேண்டும், நைட்ரஜன் அளவைச் சான்றிதழில் காட்ட வேண்டும், 1040 டிகிரிப் படி கட்டாயம், அதன்பின் 32-க்குக் கீழே குளிர்வித்ததற்குப் பதிவு வேண்டும், கரத்தோடு அதே தட்டில் நின்று அதே உலைகளுக்கும் போய் வந்த இழுவைத் துண்டின் யீல்டு வேண்டும் என்று எழுதுகிறார்கள். அச்சிட்ட தட்டிலிருந்து கரத்தை அறுக்கும் முன் உள்தகைவு நீக்க 650 டிகிரியில் வைக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அந்த வெப்பத்தில் செம்புத் திரள்கள் பருத்துப்போகும், பின்னால் 482-இல் எவ்வளவு நேரம் வைத்தாலும் திரும்பி வராது. 1040 படி அதையும் கரைத்துச் சரிசெய்துவிடும் என்பதால் அதைத் தடுக்கவில்லை, சொல்லிவிட்டுச் செய்யும்படி கேட்டிருக்கிறார்கள்.

எச் 900 என்ற தேர்வையே மாற்றச் சொன்னேன். இறால் கூடத்தில் உப்பு நீரும், தினமும் கழுவ ஊற்றும் குளோரின் நீரும் இருக்கின்றன. 17-4-இன் மிகக் கடினமான பதம் எச் 900. குளோரைடு சூழலில், அரிப்பும் தகைவும் சேர்ந்து உண்டாக்கும் தகைவரிப்பு விரிசலுக்கு அதிகம் ஆளாவதும் அதுவே. 552 டிகிரியில் நான்கு மணி நேரம் வைக்கும் எச் 1025 பதத்தில் குறைந்தபட்ச யீல்டு 1000-ஆக இறங்கும், ஆனால் விரிசலுக்கு எதிராக நன்றாக நிற்கும். கழுத்தின் தடிமனை 4-லிருந்து 4.5 மி.மீ. ஆக்கினால் தகைவு 790-லிருந்து ஏறத்தாழ 620-க்கு வருகிறது, பாதுகாப்பு விகிதம் பழையதைவிடச் சற்றுக் கூடி ஒன்றரைக்கு மேல். கரத்தின் எடை கூடுவது சில கிராம்தான், இயந்திரத்தின் வேகத்தில் அது தெரியாது. புதிய வரைபடம் அந்த 4.5 மி.மீ. கழுத்தோடும் எச் 1025 என்ற குறிப்போடும் பிரிண்டிங்குக்குப் போயிருக்கிறது.